வலைப்பந்து, ஈட்டி, நூல்

கரம்பொன் ஊர்ப் பத்திநாதரின் மூத்த மகள் ஜசிந்தா ஒரு நெசவாலையில் நூல் சுற்றும் பெண்ணாக எட்டு வருடம் சம்பளம் வாங்கினாள். அந்த எட்டு வருடத்தில் நூல் சுற்றும் பகுதிக்குள் அவள் போனது சம்பள நாட்களில் மட்டும்தான். அதுவும், அந்த வழியாகப் போனால்தான் காசாளரின் அறை வரும் என்பதால்.

இதில் களவு எதுவும் இல்லை. வேலை தந்தவருக்கும் வாங்கியவளுக்கும் விஷயம் தெரியும். ஆலை யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு வெளியே இருந்தது. அதன் முதலாளி தம்பையா, தான் எந்த விளையாட்டும் விளையாடியவர் அல்லர். ஆனால் கொழும்புக் கம்பனிகளின் பெயர்கள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தில் வருவதையும் தன் ஆலையின் பெயர் எங்குமே வராததையும் அவரால் பொறுக்க முடியவில்லை. கம்பனிகளுக்கிடையிலான போட்டிகளில் ஆடுவதென்றால் அந்தந்தக் கம்பனியில் வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். ஆகவே அவர் விளையாடக்கூடியவர்களைத் தேடிப்பிடித்து வேலைக்கு எடுத்தார்.

1963இல் கன்னியர்மடப் பள்ளிக்கூடங்களுக்கிடையே நடந்த வலைப்பந்துப் போட்டி ஒன்றில் அவர் ஜசிந்தாவைக் கண்டார். வளையத்தடியில் நின்று எதிர்ப்பக்கத்தின் பந்துகளைத் தடுப்பது அவள் வேலை. பந்து வைத்திருப்பவளிடமிருந்து மூன்று அடி தள்ளி நின்று கையை உயர்த்தலாம் என்பது சட்டம். ஜசிந்தா கையை உயர்த்தினால் எதிரே நிற்பவளுக்கு வளையம் தெரியாது. அவ்வளவு உயரம்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரம், முதலாளியின் கார் பத்திநாதரின் படலையில் வந்து நின்றது. ஒரேயொரு கதிரையில் முதலாளியை இருத்திவிட்டுப் பத்திநாதர் நின்றுகொண்டார்.

"உங்கடை மோளுக்கு வேலை ஒண்டு தரலாமெண்டு வந்தனான்."

"என்ன வேலை ஐயா?"

"விளையாடுறது."

கடலில் பிழைக்கும் மனுசன் அவர். விளங்கவில்லை. "விளையாடினால் ஆர் ஐயா சம்பளம் தருவினம்?"

"நான் தருவன்."

குசினி வாசலில் நின்ற தாய் அல்போன்சம்மாவுக்கு வேறு கவலை. "ஆக்கள் கேட்டால் பிள்ளை என்ன செய்யிறாளெண்டு சொல்லுறது?"

"நூல் சுத்துறாள் எண்டு சொல்லுங்கோ. கந்தோர்ப் புத்தகத்திலையும் அப்பிடித்தான் பதிவம்."

ஜசிந்தாவை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே ஓம் என்றிருப்பாள். பள்ளிக்கூடம் முடிந்தால் வலைப்பந்தும் முடிந்துவிடும் என்று அந்த வருடம் முழுக்க அவள் பயந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் ஊர்காவற்றுறையிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறினாள். பஸ் புளியங்கூடலில் நிற்கும்போது அதே ஆலையில் வேலை செய்யும் சின்னத்தங்கம் ஏறுவாள். ஜசிந்தாவைவிட நாலைந்து வயது மூத்தவள், இரண்டு பிள்ளைகளின் தாய். அவள் உண்மையாகவே நூல் சுற்றுபவள். இருவரும் பண்ணைப் பாலம் தாண்டிப் பட்டினம் வந்து, இன்னொரு பஸ் பிடித்து, ஆலை வாசலில் இறங்குவார்கள். சின்னத்தங்கம் உள்ளே போவாள். ஜசிந்தா பின்பக்க மைதானத்துக்குப் போவாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் சின்னத்தங்கம் அதில் இருந்ததில்லை. கண்டால் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சைவக்காரிக்கு வேதக்காரப் பிள்ளையோடு பழக விருப்பமில்லையாக்கும் என்று ஜசிந்தா நினைத்துக்கொண்டாள்.

மைதானத்தில் கிறிஸ்தோப்பர் மாஸ்ரர் காத்திருப்பார். ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். முன்னேரம் ஓட்டம், பின்னேரம் ஆட்டம். ஏழு பேர் கொண்ட அணியில் நான்கு பேர் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள். வருடத்தில் இரண்டு தடவை யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போவார்கள். முதல் வருடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். மூன்றாம் வருடம் கோப்பையோடு வந்தார்கள். தம்பையா முதலாளி ஸ்ரேசனுக்கு மாலையோடு வந்து, ஆலை முழுவதற்கும் அரைநாள் லீவு விட்டார்.

ஊரில் சின்னச் சங்கடங்கள் இருந்தன. கோவில் வீதியில் அன்னபூரணம் அக்கா மறித்து, "உங்கடை மில்லிலை என்ன நூல் பிள்ளை, நாப்பதாம் நம்பரோ அறுபதாம் நம்பரோ?" என்று கேட்டால் ஜசிந்தாவுக்குப் பதில் தெரியாது. "எல்லாம் கிடக்கு அக்கா" என்று சொல்லிக்கொண்டு நடையைக் கூட்டுவாள். கட்டைப் பாவாடையோடு நிற்கும் படம் ஒருமுறை பேப்பரில் வந்தபோது, பேசிவந்த கலியாணம் ஒன்று நின்றுபோனது. அல்போன்சம்மா இரண்டு நாள் அழுதாள். ஜசிந்தா அழவில்லை. மாப்பிள்ளையை அவள் கண்டதுகூட இல்லை.

ஈட்டி பிறகுதான் வந்தது. வலைப்பந்து இல்லாத மாதங்களில் இந்தப் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்களே என்று முதலாளிக்குத் தோன்றியது. கம்பனிகளுக்கிடையே ஓட்டம், எறிதல் என்று மெய்வல்லுநர் போட்டியும் நடந்தது. மாஸ்ரர் உயரமான பிள்ளைகள் எல்லாரையும் எறியவிட்டுப் பார்த்தார். ஜசிந்தாவின் ஈட்டி மைதானத்து வேலியைத் தாண்டி விழுந்தது. 1966இல் கொழும்பில் இரண்டாம் இடம், அடுத்த வருடம் முதலாம் இடம். மீன் குத்திப் பழகிய கை என்று ஒரு நிருபர் எழுதினார். பத்திநாதர் அதை வாசிக்கக் கேட்டுச் சிரித்தார். "இவளை நான் எப்ப கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனனான்? வள்ளத்திலை காலும் வைச்சிருக்க மாட்டாள்."

இரண்டு விளையாட்டும் அவளுக்குப் பிடித்திருந்தன. வலைப்பந்தில் எப்போதும் யாராவது கத்திக்கொண்டிருப்பார்கள், வா, பின்னுக்கு, பாத்து என்று. ஈட்டியில் ஒரு சத்தமும் இல்லை. எறிந்தபின் அது விழும்வரை செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அந்த நேரம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. வலைப்பந்துப் பிள்ளைகள் குறை நினைப்பார்கள் என்று.

1971 தொடக்கத்தில் இரண்டு போட்டிகளும் கொழும்பில் ஒரே நாளில் வந்தன. காலையில் ஈட்டி, பின்னேரம் வலைப்பந்து இறுதியாட்டம். முதல் எறி நன்றாக விழுந்தது. இரண்டாவது எறியில் வலது தோளுக்குள் துணி கிழிவதுபோல ஏதோ கிழிந்தது. அதற்குமேல் எறியவில்லை. முதல் எறியை ஒருவரும் தாண்டாததால் பரிசு அவளுக்கே கிடைத்தது.

"பின்னேரம் நீர் இருந்து பாரும் பிள்ளை, ஆட வேண்டாம்" என்றார் மாஸ்ரர்.

முதலாளியும் வற்புறுத்தவில்லை. அவள்தான், "நான் ஆடுறன் மாஸ்ரர், இடக்கை இருக்குத்தானே" என்றாள்.

இடக்கை போதவில்லை. எதிர்ப்பக்கத்துப் பெண் அதை விரைவில் கண்டுபிடித்து ஜசிந்தாவின் வலப்பக்கமாகவே திரும்பித் திரும்பிப் போட்டாள். இரண்டு கோலால் தோற்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் டொக்டர் பார்த்துவிட்டு, கை இனித் தோளுக்குமேல் எழும்பாது என்றார். ஜசிந்தா முதலாளியின் அறைக்குப் போய், வேலையை விடுவதாகச் சொன்னாள். அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார்.

"ஏன் விடுறீர்? விளையாட ஏலாட்டி வேலையைச் செய்யும். உமக்கு வேலை இருக்குத்தானே?"

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனாலும், போ என்று சொல்லியிருந்தால் இவ்வளவு நொந்திருக்காது என்று பின்னொரு காலத்தில் ஜசிந்தா சொன்னாள்.

அடுத்த திங்கள் காலை அவள் மைதானத்துக்குப் போகாமல் சின்னத்தங்கத்தின் பின்னால் உள்ளே போனாள். நீண்ட கொட்டில், தூசி, இரைச்சல். நூல் கட்டைகள் வரிசையாகச் சுழன்றன. ஒரு நூல் அறுந்தால் கட்டையை நிறுத்தி, நுனி தேடி, முடிச்சுப் போட்டு, மறுபடி ஓடவிட வேண்டும். முடிச்சு பெருத்தால் தறியில் சிக்கும். ஜசிந்தாவின் நீண்ட விரல்களுக்கு அந்த முடிச்சு வரவே இல்லை. அவள் ஒன்றை முடிவதற்குள் வேறு மூன்று அறுந்துவிடும். சுற்றிவர இருந்த பெண்கள் பார்த்தார்கள், சிரிக்கவில்லை.

பக்கத்து வரிசை சின்னத்தங்கத்துடையது. சில நாட்கள் அவள் தன் வேலையைப் பார்த்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம் எழுந்து வந்து, ஜசிந்தாவின் கையிலிருந்த நூலை வாங்கி, மெதுவாக முடிந்து காட்டினாள்.

"பெருவிரலை எடுக்காதையும். இப்பிடி. இன்னொருக்காப் பாரும்."

"அக்கா, இந்த வரிசை முந்தி ஆருடையது?"

"உம்மடைதான். உம்மடை பேரிலைதான் கிடந்தது."

"அப்ப இதை ஆர் பாத்தது?"

சின்னத்தங்கம் நூலைக் கொடுத்துவிட்டுக் கைகளைச் சீலையில் துடைத்தாள். "ஆர் பாக்கிறது? நான்தான். இந்த எட்டு வருசமும் ரெண்டு வரிசை."

ஜசிந்தாவுக்கு முகம் சுட்டது. தன் பெயரில் ஒரு வேலை இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்த வேலை எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, அதை யாரோ செய்கிறார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அக்கா, ஏன் ஒருநாளும் சொல்லேல்லை? ஒரே பஸ்ஸிலைதானே வந்தனாங்கள்."

"என்னத்தைச் சொல்லுறது? எனக்கு உம்மிலை சரியான கோவம். சொன்னால் சண்டையாப் போயிடும் எண்டு தள்ளி இருந்தனான்." பிறகு, சொல்லலாமா என்று யோசித்தவள்போல, "ஆனால் நீங்கள் கொழும்புக்கு ஆடப் போனால் நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேருவன்" என்றாள்.

"ஏன்?"

"வெண்டால் அரைநாள் லீவெல்லோ. அதுவும் வலைப்பந்துக்குத்தான். ஈட்டிக்கு அந்த மனுசன் லீவு விடாது. நீர் ஈட்டியிலை வெண்டு வாற நேரமெல்லாம் எங்களுக்கு எரிச்சல்தான்."

ஜசிந்தா சிரித்துவிட்டாள். சின்னத்தங்கமும் சிரித்தாள். மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்ததும் இருவரும் குனிந்துகொண்டார்கள்.

முடிச்சு கைக்கு வர இரண்டு மாதம் எடுத்தது. அதற்குள் முதலாளி வட்டுக்கோட்டைப் பக்கமிருந்து புதிய பிள்ளை ஒருத்தியை வளையத்தடியில் நிற்பதற்கு எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் பெயரிலும் ஒரு வரிசை வந்தது. அதில் பாதியைச் சின்னத்தங்கமும் பாதியை ஜசிந்தாவும் பார்த்தார்கள். நாள் முடியும்போது ஜசிந்தாவுக்குக் கண் எரியும். யன்னலால் பார்த்தால், மைதானத்தில் அந்தப் பிள்ளை பந்தோடு துள்ளிக்கொண்டிருப்பது தெரியும். அவளில் கோபம் வந்தது, கூடவே அவள் கால் வைக்கும் பிழையைத் திருத்தச் சொல்லி மாஸ்ரரைக் கூப்பிட வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் நூலைப் பார்த்தாள்.

1973இல் அணி மறுபடி வென்றது. முதலாளி அரைநாள் லீவு விட்டார். மற்றப் பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஓட, ஜசிந்தா கொட்டிலுக்குள் நின்றாள்.

"வாரும், என்ன நிக்கிறீர்?" என்றாள் சின்னத்தங்கம்.

"எனக்கு அரைநாள் லீவெண்டால் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை அக்கா. வெண்டு வந்த நாளிலையெல்லாம் நாங்கள் முதலாளி வீட்டிலை சாப்பிடப் போயிடுவம்."

இருவரும் வரும் வழியில் பஸ்ஸை விட்டிறங்கிச் சாட்டிக் கடற்கரைக்கு நடந்தார்கள். கிழமை நாளாகையால் அங்கே ஒருவரும் இல்லை. சின்னத்தங்கம் சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். கடலோரத்தில் பிறந்த ஜசிந்தா கரையில் இருந்து கச்சான் கடலை கொறித்தாள். வெயில் தாழ்ந்ததும் அடுத்த பஸ்ஸில் ஏறினார்கள், ஒரே இருக்கையில்.

அந்தக் காலம் ஆலைக்கு நல்ல காலம். இறக்குமதித் தடையில் வெளிநாட்டுத் துணி வராததால் நெய்ததெல்லாம் விற்றது. தம்பையா முதலாளி 1976இல் காலமானார். மகன்மாருக்கு விளையாட்டில் நாட்டமில்லை, அணி கலைந்தது. பிறகு தடை நீங்கி வெளிநாட்டுத் துணி வந்து குவிய, 1979இல் ஆலையையும் பூட்டினார்கள். ஜசிந்தாவின் ஈட்டித் தூரத்தை அதற்கு முன்பே யாரோ ஒருத்தி தாண்டியிருந்தாள். அந்தச் செய்தியைக் கிறிஸ்தோப்பர் மாஸ்ரர்தான் வீட்டுக்கு வந்து சொன்னார், செத்தவீட்டுச் செய்தி சொல்பவர்போல. ஜசிந்தா தேத்தண்ணி கொடுத்து, அந்தப் பிள்ளை எவ்வளவு உயரம் என்று விசாரித்தாள்.

ஆலை பூட்டுவதற்கு முந்தின வருடம் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை குருசுமுத்து, நயினாதீவுக்கு ஆட்களை ஏற்றும் மோட்டர் வள்ளத்தில் எஞ்சின் பார்ப்பவர். மனைவியை இழந்தவர், அவளைவிட அரை அடி குள்ளம். பெண் பார்க்க வந்தபோது, "பேப்பரிலை படம் வந்த ஆளெல்லோ நீர்?" என்று கேட்டார். ஜசிந்தா ஓம் என்றாள். "நல்ல படம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. சின்னத்தங்கம் புளியங்கூடலிலிருந்து பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து, தேவாலயத்துக்குள் எப்போது எழும்புவது, எப்போது இருப்பது என்று தெரியாமல் கடைசி வாங்கு வரிசையில் நின்றாள்.

இப்போது, 1982இல், ஜசிந்தா புளியங்கூடலில் ஒரு சிறிய நெசவு நிலையத்தில் வேலை செய்கிறாள். சின்னத்தங்கமும் அங்கேதான். ஒரு பெண் பிள்ளை, மூன்று வயது. வலது கை இன்னும் தோளுக்குமேல் எழும்பாது. நூலுக்கும் சமையலுக்கும் அது போதும். உடுப்புக் காயப்போடத்தான் வசதியில்லை என்று குருசுமுத்து கொடிக்கயிற்றை அவிழ்த்து, அவள் இடுப்பளவில் இழுத்துக் கட்டிவிட்டார். ஊரிலேயே உயரமான பெண்ணின் வீட்டில்தான் ஊரிலேயே தாழ்ந்த கொடி. அவ்வழியே போகும் ஆடுகள் குருசுமுத்துவின் சேட்டுகளில் இரண்டை ஏற்கெனவே தின்றுவிட்டன.