பனிமலை தாண்டிய கட்டில்

என் தம்பி ஹார்ட்விக் நாற்பது குளிர்காலம் வீட்டுவண்டி ஓட்டினான். உள்ளே கட்டிலும் அடுப்புமாக இருக்கிற பெரிய வண்டி. ஒரு தடவைகூட அதைப் பள்ளத்தில் விட்டதில்லை. இதை முதலில் எழுதிக்கொள். இப்போது ஊரில் அவனைப் பற்றி வேறு மாதிரி பேசுகிறார்கள்.

பனியில் அவன் வண்டியை நிறுத்துகிற அழகைப் பார்க்கவேண்டும். கைபிரேக்கைத் தொடவே மாட்டான். இழுத்தால் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பான். கிளம்புமுன் ஏணி வைத்துக் கூரைப் பனியைத் தள்ளுவான். விறகைப் பின்பக்கம் ஏற்ற விடமாட்டான். "முன்சக்கரம் இழுக்கிற வண்டி அக்கா. பின்னாடி பாரம் ஏத்தினா ஏத்தத்துல வழுக்கும்" என்பான்.

அவன் பெண்டாட்டி வால்போர்க் சும்மா இருப்பாளா? "என்னைக் கட்டிக்கிறப்பகூட இந்த மனுஷன் இவ்வளவு சுத்திச் சுத்திப் பாக்கலை" என்பாள்.

அந்த வால்போர்க் பிப்ரவரியில் மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் பிறந்ததே வண்டியில். "இந்த வெள்ளைச் சுவத்தைப் பாத்துக்கிட்டு நான் சாகமாட்டேன். என் கட்டிலைக் கொண்டுவா" என்றாள். வண்டி என் வீட்டு முற்றத்தில் நின்றது. ஹார்ட்விக் பஸ்ஸில் வந்து அதை எடுத்தான். நானும் ஏறிக்கொண்டேன்.

மலையடியில் தடுப்புக்கம்பம் இறங்கியிருந்தது. புயல் நாளில் அங்கே யாரும் தனியாகப் போகமுடியாது. பனி தள்ளும் வண்டி முன்னால் போகும். மற்றவர்கள் முன்வண்டியின் சிவப்பு விளக்கை விடாமல் வரிசையாகப் போகவேண்டும். வரிசையை நடத்துகிற டோர்கிரிம் ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தான். எங்களிடம் நின்றான்.

"டயர், சங்கிலி எல்லாம் பிரமாதம். ஆனா உன்னை விடமுடியாது ஹார்ட்விக். மேலே காத்து ஆளையே தூக்குது. இந்த உசரத்துக்கு வண்டி கவுந்துச்சுன்னா பின்னாடி வர்ற அத்தனை பேரும் மாட்டிக்குவாங்க."

"என் பொண்டாட்டி சாகக் கிடக்கிறாப்பா."

"அதனாலதான் சொல்றேன். வண்டியை விட்டுட்டு நீ மட்டும் போ."

பின்னால் நின்ற காரில் ஒரு டீச்சரம்மா கதவைத் திறந்தாள். "முன்சீட்டு காலிதான். ஏறிக்கங்க."

அவன் என்னைப் பார்த்தான். "அக்கா, என்ன செய்ய?"

"அவ உன்னையா கேட்டா? கட்டிலைத்தானே கேட்டா? வெறுங்கையோட போய் நின்னு என்னடா சொல்லுவே? காத்து சாயங்காலம் அடங்கிடும்" என்றேன். அந்த மலைக்காற்றை எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

கார் போய்விட்டது. அதற்குப் பின் பாதையையே மூடிவிட்டார்கள். காற்று இரண்டு நாள் அடங்கவில்லை.

முதல் நாள் போனில் வால்போர்க்கே பேசினாள். "எங்கேய்யா இருக்கே?"

"கம்பத்துக்கிட்ட."

"கைபிரேக்கை இழுத்துட்டியா?"

"இல்லடி."

"அப்ப வந்துடுவே" என்று சிரித்தாள்.

இரண்டாம் நாள் நர்ஸ்தான் எடுத்தாள். அவன் கட்டில் விரிப்பை மாற்றினான், மறுபடி மாற்றினான். கம்பளியை ஹீட்டர் பக்கத்தில் பிடித்துச் சூடாக்கினான். கூரைப் பனியைத் தள்ளித் தள்ளி அவன் கை வெடித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை கம்பம் தூக்கினார்கள். இறக்கத்தில் பிரேக்கை மிதிக்காமல், சின்ன கியரில், ஊர்ந்து இறங்கினான். நான் பொறுக்கமாட்டாமல் "கொஞ்சம் விரட்டேன்டா" என்றேன். "விரட்டினா போய்ச் சேரமாட்டோம் அக்கா" என்றான்.

பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். அன்று காலையிலேயே அவள் போயிருந்தாள். அந்த டீச்சரம்மா காரில் போன அன்று மதியமே அந்த ஊரில் இறங்கிவிட்டாளாம். அவன் ஏறியிருந்தால் இரண்டு நாள் வால்போர்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கீழே தண்ணீரோரத் திடலில் வண்டியை நிறுத்தினான். கட்டை கொடுக்கவில்லை. கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தான்.

"டேய், உறைஞ்சுடும்டா."

"உறையட்டும்."

உறைந்தது. பனி உருகியும் அவன் அதைத் தளர்த்தவில்லை. வண்டி அங்கேயே நிற்கிறது, அவன் உள்ளே இருக்கிறான். கட்டிலில் படுக்காமல் தரையில் படுக்கிறான். கைபிரேக் இழுக்கக்கூடாதென்றுகூடத் தெரியாத கிழவன் என்று போகிறவர்கள் சொல்கிறார்கள். அவனுக்குத் தெரியும். தெரியாதவள் நான்தான், அதையும் எழுது.