இரண்டு பக்கமும் ஒரே நீளம்

புற்றுநோய் எலும்புக்கு இறங்கிய பிறகு என் மனைவியால் ஹாலுக்கு வர முடியவில்லை. எங்கள் பாட்டுச் செட்டோ ஹாலில் இருந்தது. சாயங்காலமானால் இருவரும் அதன் முன்னால் உட்கார்ந்து வீணைக் கச்சேரி கேட்பது கல்யாணமான புதிதில் தொடங்கிய வழக்கம். எத்தனையோ செட்டு மாறியும் அது மட்டும் மாறவில்லை. மகள் சென்னையிலிருந்து கையடக்கமாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் அனுப்பினாள். தலைமாட்டில் வைத்துப் போட்டுக் காட்டினேன்.

"கொசு வீணை வாசிக்கிற மாதிரி இருக்கு. நிப்பாட்டுங்க" என்றாள்.

அவள் படுத்திருந்த பின் அறையில் கட்டிலும் மருந்து மேசையும் போக ஒரு ஸ்பீக்கர் பெட்டி வைக்கத்தான் இடமிருந்தது. சரி, ஒன்றையாவது அங்கே கொண்டுபோவோம் என்று, துணி காயப்போடும் கயிற்றை எடுத்து ஹாலிலிருந்து தரையோரமாக அளந்துகொண்டு போனேன். படுத்தபடியே தடுத்தாள்.

"தரையில வயரப் போடாதீங்க. என்னையப் பாக்க வாரவங்க கால்ல தட்டும்."

இந்த நிலைமையிலும் அடுத்தவர் காலைப் பற்றித்தான் கவலை. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ஆனாலும் அறை வாசல் நிலைக்கு மேலே சுற்றி மறுபடி அளந்தேன். நீளம் இரண்டு மடங்கு ஆனது.

ஸ்பீக்கர் வயரைப் பற்றி இணையத்தில் தேடினால் நல்ல மனிதனுக்கும் தலை சுற்றும். வெள்ளி பூசியதுதான் வேண்டும் என்கிறார் ஒருவர். எல்லாம் ஏமாற்று, வீட்டு லைட்டுக்குப் போடும் வயரே போதும் என்கிறார் இன்னொருவர். வெறுத்துப்போய் ராஜபாளையம் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் தடிமனான செம்பு வயரை எடுத்துக் காட்டினார்.

"தூரம் கூடுனா தடிமனும் கூடணும் அண்ணாச்சி. இல்லன்னா சத்தம் மெலிஞ்சிரும். ரெண்டு பக்கமும் ஒரே நீளமா வாங்கிக்கோங்க."

"ஹாலுல உள்ள பெட்டி கைக்கெட்டுத தூரத்துலல்லா இருக்கு. அதுக்கு எதுக்குவே இம்புட்டு வயரு?"

"ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டைன்னா சரிப்படாது அண்ணாச்சி."

அவர் சொன்னது சரியா, வியாபாரமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவளுக்குப் போகிற பாட்டில் ஒரு குறையும் வந்துவிடக் கூடாது என்ற பயத்தில் வாங்கிவிட்டேன். என் பக்கத்து வயர் அலமாரிக்குப் பின்னால் சுருளாகக் கிடந்தது.

எங்களிடம் இருந்த பழைய பதிவுகளில் வீணை இடது பெட்டியில் வரும், மிருதங்கம் வலது பெட்டியில் வரும். இடது அவளிடம் போனதால் வீணை முழுக்க அவளுக்கு. ஹாலை ஒட்டிய அடுக்களையில் கஞ்சி வைக்கும் எனக்கு மிருதங்கம் மட்டும். குக்கர் சத்தத்தில் பின் அறை வீணை என் காதுக்கு எட்டாது. ஆலாபனையின்போது மிருதங்கம் வாசிக்க மாட்டார்கள் என்பதால் ஹாலில் மூச்சுப் பேச்சே இராது.

"ஏட்டி, செட்டு நின்னு போச்சா?" என்று அடுக்களையிலிருந்தே கத்துவேன்.

"இல்ல, இங்கன ஓடுதுல்லா. உங்க ஆளு இன்னும் கைய வைக்கல" என்று அவளும் குரலை உயர்த்துவாள்.

மகள் வந்தபோது, ஒரு பொத்தானை அமுக்கினால் இரண்டு பெட்டியிலும் எல்லாமே கேட்கும் என்றாள். என் மனைவி விடவில்லை.

"இருக்கட்டும்ட்டி. நம்ம ஊரு சாமியே பாதி சிவன், பாதி பெருமாள். அவுகளுக்குப் பாதி, எனக்குப் பாதி."

மூவரும் சிரித்தோம்.

எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு முன்பே போய்விட்டாள். அவளைத் தூக்கிக்கொண்டு அந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். வயர் யார் காலிலும் தட்டவில்லை.

காரியமெல்லாம் முடிந்து மகளும் ஊருக்குப் போனாள். வாடகைக்கு எடுத்திருந்த கட்டிலைத் திருப்பி எடுத்துப்போனார்கள். இப்போது அந்த அறையில் இரண்டு பெட்டிக்கும் தாராளமாக இடமிருந்தது. அலமாரிக்குப் பின்னால் கிடந்த சுருளைப் பிரித்தேன். கடைக்காரர் புண்ணியத்தில் என் பெட்டியும் அங்கே வரை எட்டியது. இனி யார் வரப்போகிறார்கள் என்று வயரைத் தரையிலேயே போட்டேன்.

கட்டில் கிடந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வீணையும் மிருதங்கமும் சேர்ந்து, தடிமனான வயரில் துளிக் குறையில்லாமல், முழுசாக வந்தன. அவளுடைய பாதியும் எனக்கே வந்தது. என்னால் தாங்க முடியவில்லை. யார்மேல் என்று தெரியாமல் ஒரு கோபம் வந்தது. செட்டை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் என் பெட்டியை ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். அவளுடையது அங்கேயே இருக்கிறது. சாயங்காலம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதே கச்சேரியைப் போடுகிறேன். ஆலாபனை தொடங்கியதும் ஹாலில் சத்தம் நின்றுவிடுகிறது. செட்டு நின்னு போச்சா என்று கேட்க வாய்வரை வந்துவிடும். இல்லை, ஓடுகிறது என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. மிருதங்கம் தொடங்கும்வரை கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.