வடிவான பிள்ளைக்கு இறாலைப் பற்றி என்ன தெரியும்

செசீலியாவைப் பற்றி எழுதச் சொன்னால் எல்லோரும் அவளுடைய கண்ணில்தான் தொடங்குவார்கள். நான் மூக்கில் தொடங்குகிறேன். அந்த மூக்கில் ஒரு குறை கண்டுபிடிக்க எட்டு வயதிலிருந்து பார்த்துப் பார்த்துத் தோற்றவள் நான். புளியந்தீவில் ஒரே தெருவில் பிறந்தோம். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்குப் பலகையில் இருந்தோம். வாடி, போடி என்பதை எங்கள் ஊர் முறையில் வாகா, போகா என்று பேசி வளர்ந்தோம். நத்தார் நாடகத்தில் வருடா வருடம் அவள்தான் மாதா. நான் ஒரு வருடம் இடையன், மறு வருடம் ஒட்டகத்தின் பின்கால்.

மார்கிறட்டுக்கு நல்ல மூளை என்று என் அம்மா ஆறுதல் சொல்லுவாள். செசீலியாவுக்கும் நல்ல மூளை இருந்ததே, அதுதான் பெரிய அநியாயம். ஆண்டவன் ஒரு ஆளுக்கு ஒன்றைக் கொடுத்தால் போதாதா? கொழும்புக்குப் போய் இரண்டு பேரும் விலங்கியல் படித்தோம். அங்கேயும் அவள் முன்னுக்கு, நான் பின்னுக்கு. அறுபதுகளின் தொடக்கத்தில் கல்லடியில், வாவிக் கரையில் ஒரு பழைய வீட்டைப் பிடித்துச் சின்னதாக மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கினார்கள். இரண்டு பேருக்கும் அங்கேயே வேலை கிடைத்தது. எனக்குக் கெளிறு மீனின் வயிற்றைக் கிழித்து அது என்ன தின்றிருக்கிறது என்று பார்க்கும் வேலை. அவளுக்கு இறால்.

அவள் செய்த காரியத்தைச் சொல்லத்தான் வேண்டும். மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் தண்ணீர் ஏறினால், முகத்துவாரத்து மணலை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடுவார்கள். வெள்ளம் கடலுக்குப் போய் வடிந்த பிறகு கடல்தண்ணீர் உள்ளே வரும். அதோடு பொடிப்பொடியாக ஒன்று வரும். எங்கள் ஆட்கள் அதைக் கூனி என்று சொல்லிக் கண் நெருங்கிய வலையால் வாரி, காயவைத்து, தேங்காய்ப்பூப் போட்டுச் சுண்டித் தின்பார்கள். கூனி என்றால் கூனிதான், அது அதற்குமேல் வளராது என்பது ஊரின் முடிவு. நானும் அப்படித்தான் நினைத்துத் தின்றேன். செசீலியா அதில் ஒரு பிடியைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு வளர்த்தாள். விடியற்காலையில் தோணியில் போய் வாவித் தண்ணீர் மொண்டு வந்து மாற்றினாள். கொஞ்சம் கூனியாகவே செத்தது. மிச்சமெல்லாம் வளர்ந்து மீசை நீண்ட இறாலாகித் தொட்டியை விட்டுத் துள்ளியது. கடல்தண்ணீர் ஏறும் நாட்களில் கூனி என்று வாருவதில் முக்கால்வாசி இறால் குஞ்சு என்றாள். ஆற்றுவாய் வெட்டிய பிறகு ஒரு மாதம் கூனி வலையைக் கரையில் ஏற்றி வைத்தால் போதும், வாவி இறாலால் நிரம்பும் என்றாள். நான் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வயிறு பற்றி எரிந்தது. என் கெளிறுகள் ஒருபோதும் இப்படி ஒன்றைச் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தொட்டியை வேறு யார் பார்த்தார்கள்? கொழும்பிலிருந்து ஒரு பெரிய அதிகாரி சோதனைக்கு வந்தார். தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு செசீலியாவையே பார்த்தார். போகும்போது, இப்படிப்பட்ட பிள்ளையை மீன்பிடிக் கண்காட்சி வாசலில் நிறுத்தினால் சனம் அள்ளுப்படும் என்றார். நிறுத்தவும் நிறுத்தினார்கள். பத்திரிகையில் அவளுடைய படம் வந்தது. இறாலைப் பற்றி ஒரு சொல் இல்லை. பக்கத்தில் நின்ற என்னைத் தோள் மட்டும் மிஞ்ச வெட்டிவிட்டிருந்தார்கள். அந்தத் தோளை நான் இன்றைக்கும் காட்டுவேன்.

மீன்பிடி இன்ஸ்பெக்டர் றோயும் தினமும் சைக்கிளில் வருவான், தொட்டி பார்க்கிறானாம். அவன் வரும் நேரத்துக்கு நான் தலைசீவி உட்கார்ந்திருப்பேன். அவன் என்னிடம் கேட்பதெல்லாம் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்ப் இருக்கிறதா என்றுதான். புதிதாக வரும் ஆட்கள் நேரே என்னிடம் வந்து பெரிய மிஸ் என்று கும்பிடுவார்கள். தடித்த கண்ணாடி, எண்ணெய் ஒட்டாத பரட்டைத் தலை, உதட்டுக்கு அடங்காத முன்பல். இந்த முகத்தோடு ஒருத்தி இருந்தால் படிப்பைத் தவிர வேறு என்ன செய்திருப்பாள் என்று அவர்களுக்கு நினைப்பு. செசீலியாவை டைப்பிஸ்ட் என்று எண்ணித் தேத்தண்ணி கேட்பார்கள். அவள் முகம் சுண்டிப்போகும். எனக்கு அதில் கொஞ்சம் சந்தோசம், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அடுத்த மாரிக்கு முன்னால் செசீலியா மாதா கோயில் மண்டபத்தில் மீனவர்களைக் கூட்டிப் பேசினாள். அப்படி ஒரு கூட்டத்தை அந்த மண்டபம் பெருநாளிலும் கண்டதில்லை. கிழவனெல்லாம் கஞ்சி போட்ட சட்டையோடு வந்து முன்வாங்கில் இருந்தான். நன்றாகத்தான் பேசினாள், எனக்கே பொறுக்கவில்லை. ஆற்றுவாய் வெட்டினார்கள். வெள்ளம் வடிந்த மறுநாளே கூனி வலைகள் வரிசையாக இறங்கின. மீனவர் சங்கத் தலைவர் சில்வெஸ்டரைப் பிடித்து, அவ்வளவும் கேட்டுவிட்டு ஏன் இப்படி என்று நான் சண்டைக்குப் போனேன்.

"புள்ள மாதாவப் போல நிண்டிச்சு, மிஸ். என்ன சொல்லிச்செண்டுதான் ஒருத்தனுக்கும் ஞாபகமில்ல."

அந்த வருடம் வாவியில் இறால் இல்லை. அடுத்த மாரியிலும் கூனி வலை கரையேறாவிட்டால் இறால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவோம் என்று கொழும்பில் முடிவு செய்தார்கள். செசீலியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் என் கெளிறு மேசைக்கு வந்து நின்றாள்.

"நீ போய்ச் சொல்லுகா. உன்னக் கண்டா நம்புவானுகள்."

அவளுக்காக ஒப்புக்கொண்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த மண்டபம் நிறைய ஆண்கள் ஒருமுறையாவது என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்றுதான் ஒப்புக்கொண்டேன். நீலச் சீலை கட்டினேன். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டேன். முகத்துக்குப் பவுடர் அப்பினேன். மண்டப வாசலில் செசீலியா என்னைக் கண்டதும் ஓரமாக இழுத்துப் போனாள். தன் லேஞ்சியை எடுத்து என் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிவிட்டாள்.

"பவுடர் போடாதகா. பொறகு உன்னையும் நம்பமாட்டானுகள்."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அந்த ஆத்திரத்தோடேயே மேடை ஏறி, அவள் சொல்லித் தந்ததைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். ஒரு கிழவனும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். கடைசி வாங்கில் செசீலியா முக்காடு போட்டு இருந்து, என்னோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தாள். பேசி முடித்ததும் றோய் சனத்தை விலக்கிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். முன்பல்லை உதட்டால் மூடப் பார்த்தேன்.

"செசீலியா வரல்லயா?" என்று கேட்டான்.

அந்த மாரியில் ஆற்றுவாய் வெட்டியபோது கூனி வலை ஒன்றும் இறங்கவில்லை. பிறகு வாவியில் இறால் பட்டது பாருங்கள், அப்படிப் பட்டது. சில்வெஸ்டர் பெரிய மிஸ்ஸுக்கு என்று ஒரு கூடை நிறையப் பொறுக்கி எடுத்த இறாலை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். எனக்குக் கூசியது. இது செசீலியா கண்டுபிடித்தது, நான் வாயை மட்டும்தான் கொடுத்தேன் என்று சொன்னேன். அவர் சிரித்தார். திருப்பிச் சொன்னேன், கத்தியும் சொன்னேன்.

"சும்மா இரிங்க மிஸ். அந்த வடிவான புள்ளைக்கு இறாலப் பத்தி என்ன தெரியும்?"

கூடையைத் தூக்கிக்கொண்டு செசீலியா வீட்டுக்குப் போனேன். சில்வெஸ்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். அவள் குசினியில் மணையைப் போட்டு இருந்து இறாலின் தலையைக் கிள்ளத் தொடங்கினாள். பாதிக் கூடை முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"உன்ர மூஞ்சிய எனக்கு ஒரு வருசத்துக்குத் தாகா, மார்கிறட்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய முகத்தைக் கேட்டு மாதாவுக்கு நான் எரித்த மெழுகுதிரிகளுக்குக் கணக்கில்லை. பகிடி விடுகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. கையில் இறாலோடு என் கண்ணாடியை, என் பல்லை, என் பரட்டைத் தலையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு வயதிலிருந்து நான் அவளைப் பார்த்த பார்வை அது.