தம்பிக்குத் தெரிந்தவை

ஐந்து நாள் நினைவின்றிக் கிடந்த தம்பி கண் விழித்தபோது, அவனைப் பற்றி முழுமையாகச் சொல்லக்கூடிய ஒரே நிபுணராக ஏழு வயதான நான் இருந்தேன்.

அவனுக்கு இரண்டு வயது. தட்டம்மை இறங்கியதென்று வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் வலிப்பு வந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து பாலத்தைக் கடந்து திருச்சி ஆஸ்பத்திரிக்கு அப்பா தூக்கிக்கொண்டு ஓடினார். மூளைக் காய்ச்சல் என்றார்கள். முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். தலையில் வந்த நோயை முதுகில் ஏன் தேடுகிறார்கள் என்று கேட்டேன். அப்பாவுக்கும் தெரியவில்லை.

வீடு திரும்பும் நாளில் மருத்துவர், காய்ச்சலுக்கு முன் குழந்தை என்னென்ன பேசுவான், செய்வான் என்று விசாரித்தார். அம்மாவும் அப்பாவும் என்னைப் பார்த்தார்கள். பள்ளி விட்டால் அவன் என் இடுப்பில்தான் இருப்பான்.

காக்கா என்பான், பஸ் என்பான், படி ஏறுவான். நான் சொல்வதையெல்லாம் ஒரு பெரியவர் தாளில் எழுதிக்கொள்வது அதுவே முதல் தடவை. அந்த உற்சாகத்தில், பத்து வரை எண்ணுவான் என்றும் சேர்த்தேன். தம்பியை அவர் மட்டமாக நினைத்துவிடக் கூடாதல்லவா?

ஒரு மாதம் கழித்து அம்மாவுடன் மீண்டும் போனோம். மருத்துவர் அதே தாளை எடுத்தார். படத்தைக் காட்டினார், காக்கா வந்தது. ஜன்னலுக்கு வெளியே காட்டினார், பஸ் வந்தது. ஒரு விரலை நீட்டினார். தம்பி அதைப் பிடித்துக் கடித்தான். எண்ணுவது மறந்திருந்தால் மூளையில் பாதிப்பு இருக்கலாம் என்று அவர் மெதுவாகச் சொல்ல, அம்மா முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள்.

நான் சொன்ன பொய்க்கு வேறொருவர் அழ நேரும் என்பதை நான் எண்ணியிருக்கவில்லை.

"அவனுக்கு எண்ணவே தெரியாது டாக்டர். நான்தான் சும்மா சொன்னேன்."

அம்மா என் தலையில் குட்டிவிட்டு, அழுகையோடு சிரித்தாள். மருத்துவர் அந்த வரியை அடித்தார்.

"வேற எதாச்சும் சொல்லாம விட்டிருக்கியாம்மா?"

இம்முறை உண்மையை மட்டும் சொல்வதென்று யோசித்தேன்.

"எம்மேல கோவமா இருக்கான். இவன் படுத்திருந்தப்ப இவனோட மரக்குதிரைய நான் எடுத்து விளையாடினேன். அதுலேருந்து பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான்."

மருத்துவர் எழுந்து, தம்பியின் முதுகுப் பக்கம் போய் நின்று பலமாகக் கைதட்டினார். அம்மாவும் நானும் திடுக்கிட்டோம். தம்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் மீதும் அவனுக்கு என்ன கோபம் என்று எனக்குப் புரியவில்லை.