காற்றும் நின்ற கோடை

உயரம் என்றால் அவளுக்குப் பயமே கிடையாது. காற்றாலைத் தூணுக்குள் இருக்கும் ஏணியில், இடுப்பில் பாதுகாப்பு வாரும் முதுகில் ஸ்பேனர் பையுமாக ஏறுவாள். உச்சியில் இருக்கும் இயந்திர அறையில் முடங்கி உட்கார்ந்து, இறக்கைகளைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை முறுக்கிப் பார்ப்பாள். இறங்கி வரும்போது முகமெல்லாம் கிரீஸ் அப்பியிருக்கும். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் காத்தாடி.

அண்ணன் ஆற்றங்கரை அணுமின் நிலையத்தில் ஷிப்ட் பொறுப்பாளன். அவர்களுடைய அப்பா நிலக்கரி எரிக்கும் மின்நிலையத்தில் வேலை பார்த்து, இருமி இருமியே ஓய்ந்து போனவர். புகையில்லாமல் கரண்ட் எடுக்க வேண்டும் என்பதில் பிள்ளைகள் இருவருக்கும் ஒரே மனம். எப்படி எடுப்பது என்பதில்தான் எலியும் பூனையும்.

விடுமுறை நாளில் அம்மா வீட்டில் கூடினால் சாப்பாட்டுத் தட்டு காயும்வரை வாக்குவாதம் ஓடும்.

"காத்து நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ? வாயால ஊதுவியா?" என்பான் அண்ணன்.

"உன் உலைக் கழிவ நம்ம பேரன் பேத்திக்குப் பொறக்கப்போற பேரன் பேத்தி வரைக்கும் காவல் காக்கணும். அத யோசிச்சியா?"

"உலகம் கொதிச்சிட்டிருக்கு காத்தாடி. காவல் காக்க ஆள் மிஞ்சினாத்தானே?"

அம்மா தண்ணீர்ச் சொம்பை நடுவில் வைப்பாள். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கறவங்களே, கூடத்து பல்பு எரியாம கெடக்கு. முதல்ல அத மாத்திட்டு அப்புறம் சண்டை போடுங்க."

பிறகு அந்தக் கோடை வந்தது. இப்படியொரு வெயிலை வயதானவர்கள்கூடப் பார்த்ததில்லை என்றார்கள். காற்று அறவே நின்றது. காற்றாலை இறக்கைகள் வானத்தில் ஆணியடித்து மாட்டியதுபோல் அசையாமல் நின்றன. ஆறு சுட்டது. அணுமின் நிலையம் ஆற்றுநீரை எடுத்துக் குளிர்வித்துக்கொண்டு, சூடான நீரை ஆற்றிலேயே திருப்பிவிடும். ஏற்கெனவே சுடுகிற ஆற்றில் அதுவும் கலந்தால் மீன்கள் செத்து மிதக்கும். அதனால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்பது விதி. அண்ணன் குறைத்தான்.

ஊரில் எல்லா மின்விசிறிகளும் ஒரே நேரத்தில் சுழன்றுகொண்டிருந்தன. இருந்த மின்சாரம் போதவில்லை. பகுதி பகுதியாக நிறுத்தினார்கள்.

அம்மா இருந்தது அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சித் தளம். அந்தப் பகுதியில் கரண்ட்டை நிறுத்திய நாளன்று காலையில் அவள் போன் செய்தபோது அம்மா, "எனக்கென்னடி, ஈரத்துணியப் போத்திக்கிட்டு ராணி மாதிரி உக்காந்திருக்கேன். நீ வெயில்ல அலையாத," என்று சிரித்தாள். பிற்பகலில் கீழ்வீட்டுக்காரம்மா கதவைத் தட்டினார். பதில் இல்லை. ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தபோது அம்மா சமையலறை வாசலில் கிடந்தாள். உடம்பு கொதித்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது.

காரியம் முடிந்தும் அண்ணன் வேலைக்குப் போகவில்லை. அண்ணிதான் அவளை அழைத்தாள். "வேலைய விடப் போறாராம். யார் சொன்னாலும் காதுல ஏறல. நீ ஒரு தடவ வந்து பேசும்மா."

போகிற வழியெல்லாம் அவள் மனதில் முள்ளாகக் குத்தியது ஒன்றுதான்: குறைத்தது அவன்தானே.

அவன் சவரம் செய்யாத முகத்தோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் வாய் திறக்குமுன் அவனே சொன்னான். "மீனக் காப்பாத்தினேன். அம்மாவ விட்டுட்டேன்."

ஆமாம் என்று சொல்லத்தான் அவளுக்குத் தோன்றியது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"என் ஆலையும்தான் ஓடல," என்றாள். "நீ குறைக்காம இருந்திருந்தா ஆறு செத்திருக்கும். ஊரே அந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

"உனக்கு என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீங்கல்லாம் வெளிய வந்துட்டா, அந்த எடத்துல பழையபடி புகைதான் வந்து உக்காரும்."

"நீயா சொல்ற? எங்க நிலையத்த மூடச் சொல்லி ஊர்வலம் போனவ நீ."

"போனேன். இப்பவும் அந்தக் கழிவ நெனச்சா எனக்குப் பயம்தான். அதனாலதான் பயப்படத் தெரிஞ்ச ஆள் அங்க இருக்கணும்ங்கறேன்."

அவன் உடைந்து அழுதான். அம்மா இறந்த அன்றுகூட அவன் அழவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் வேலைக்குத் திரும்பினான். ஆற்றையே நம்பியிராமல் குளிர்விக்கும் கோபுரம் கட்டச் சொல்லி மேலிடத்தோடு மல்லுக்கு நின்றான். பல மாதங்களுக்குப் பிறகுதான் மேலிடம் தலையசைத்தது. அவளோ அம்மாவின் அடுக்குமாடிக்குப் போனாள். மொட்டை மாடியில் சூரியத் தகடுகள், கீழ்த்தளத்தில் பேட்டரிகளோடு, கரண்ட் நின்றாலும் குளிரும் ஒரு பொது அறை என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டாள். "அப்ப துணி எங்க காயப்போடறது?" என்று முதல் எதிர்ப்பு கிளம்பியது. கீழ்வீட்டுக்காரம்மா எழுந்தார். "அந்தக் கதவ உடைக்கறப்ப நான் அங்க நின்னேன். துணிய என் வீட்டுல வந்து காயப்போடுங்க," என்றார். கூட்டம் கைதூக்கி ஒப்புக்கொண்டது. தகடுகளைப் பொருத்தியது காத்தாடி. விடுமுறை எடுத்துக்கொண்டு வந்து ஒயர் இழுத்தது அண்ணன்.

கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருந்தபோதே அடுத்த கோடை வந்துவிட்டது. ஒரு முற்பகலில் அண்ணன் அழைத்தான். "மறுபடியும் குறைச்சிட்டோம். அம்மா இருந்த கட்டடத்துக்குப் போய்ப் பாரு."

அசையாத காற்றாலைகளை விட்டுவிட்டு அவள் தன் கூட்டாளிகளோடு கிளம்பினாள். மேல்தளங்களில் தனியாக இருந்த முதியவர்களை ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தார்கள். அண்ணி தண்ணீர்க் குடங்களோடு வந்து சேர்ந்தாள். நடக்க முடியாத ஒரு தாத்தாவை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். "பார்த்து! போற உசுரு வெயில்ல போகட்டும், உங்க கையில போக வேண்டாம்," என்று அவர் வழிநெடுக வைதுகொண்டே வந்தார்.

பேட்டரியில் ஓடிய ஏசியில் பொது அறை குளிர்ந்திருந்தது. அந்தக் கோடை முழுக்க அந்தக் கட்டடத்தில் யாரும் சாகவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் செத்தார்கள். அங்கே அப்படி ஓர் அறை இல்லை. அந்தத் தெருவிலும் ஓர் அறைக்கு அளவெடுக்க அண்ணனும் தங்கையும் சேர்ந்தே போனார்கள். போகும்போது கழிவைப் பற்றி அவளும், காற்றைப் பற்றி அவனும் குரலை உயர்த்திக்கொண்டே நடந்தார்கள்.