மூன்று முறை கூப்பிட்டேன்

இது நடந்தது. 1939 மார்ச் மாதம், பட்டப்பகல், பாலக்கோடு. நான் குடிப்பவனில்லை. அன்று எனக்குக் காய்ச்சலும் இல்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், எனக்கு அது பழக்கம்தான்.

ஆறு வருடமாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் மூளையை ஆராயும் டாக்டர். தலையில் அடிபட்டவருக்கு மேலே காயம் ஆறினாலும் உள்ளே மூளை வருடக்கணக்கில் அழிந்துகொண்டே போகிறது என்றேன். காயம் ஆறினால் கதை முடிந்தது என்றார்கள் சென்னையில் பெரிய டாக்டர்கள். நிரூபிக்காமல் விடுவதில்லை என்று நானும் கிளம்பினேன்.

மாரண்டஹள்ளி சின்னராஜ் புளி உலுக்க ஏறி, மரத்திலிருந்து விழுந்தவர். இருபது நாளில் எழுந்து நடந்தார், வலது காலை இழுத்தபடி. அப்புறம்தான் மறக்க ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் போவேன். பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்தால் மூன்று கேள்வி. உங்க பேரு என்ன? இது எந்த ஊரு? உங்க வூடு எது? முதலில் ஊர் மறந்தது. பிறகு வீடு. கடைசி வருடம் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

அவர் இறந்ததும், மூளையை நான் எடுத்துக்கொள்ள அவர் மனைவி மாதம்மாள் சம்மதித்தார். உறவெல்லாம் எதிர்த்தது. மாதம்மாள் அசையவில்லை.

"அவருக்கு என்னாச்சுன்னு எனக்குத் தெரியணுங்க. எடுத்துக்குங்க. ஆனா மூணா நாளு சாயங்காலம் வெளக்கு வெச்சு, அவரோட அக்கா ராமக்கா மூணு தரம் பேரு சொல்லி அவர வூட்டுக்குக் கூப்புடுவாங்க. அதுக்கு முந்தி வேற யாரும் அப்படிக் கூப்புடக் கூடாதுங்க. கூப்புட்டா அவுங்ககிட்டப் போயிருவாரு. வூடு வர மாட்டாரு."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள். பாலக்கோட்டில் நான் தங்கியிருந்த பங்களா அறை. மேசைமேல் மூடிய ஜாடி. அதற்குள் பார்மலினில் சின்னராஜின் மூளை.

மணி 2.50. தாழ்வாரத்தில் காலடி. ஒரு அடி, ஒரு இழுப்பு.

டக்... சர்ர்ர்...

எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. வெயில் கொளுத்தியது. கதவைத் தாழிட்டேன்.

2.58. டக்... சர்ர்ர்... இப்போது அறைக்குள்.

சிமெண்டுத் தரையில் ஈரப் பாதங்கள். எல்லாம் இடது பாதம். வலப் பக்கம் ஒரு கோடு மட்டும்...

எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆறு வருட உழைப்பு அந்த ஜாடியில் இருந்தது. எந்தப் பேய்க்கும் அதைத் தருவதாக இல்லை. நாற்காலியை இழுத்து ஜாடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

3.05. சத்தம் நின்றது. எனக்கு நேர் எதிரே.

முகத்தில் மூச்சு பட்டது.

பழக்கதோஷம். வாய் முந்திக்கொண்டது.

"சின்னராஜ்... சின்னராஜ்... சின்னராஜ்..."

மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

"என்னங்க..."

எதிரே இருந்த வெற்றிடத்திலிருந்து வந்தது பதில். ஆனாலும் விடுவேனா? கேட்டேன்.

"உங்க பேரு என்ன?"

"சின்னராஜுங்க."

"உங்க ஊரு?"

"மாரண்டஹள்ளி."

"உங்க வூடு எது?"

ஈரக் கை ஒன்று என் நெஞ்சில் பதிந்தது. பிறகு என் காதருகில்...

"இதுதானுங்க."

அவ்வளவுதான். ஈரம் காய்ந்தது.

மூன்று வாரம் கழித்து மூளையை அறுத்துப் பார்த்தேன். நான் சொன்னதுதான் சரி. அடிபட்ட இடத்தைத் தாண்டி, அடியே படாத பக்கமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

அதை மாதம்மாளிடம் சொல்ல மாரண்டஹள்ளி போனேன். நான் கூப்பிட்டுவிட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் வாசலிலேயே நின்று கேட்டார். அழவில்லை.

"தெரியுங்க. அன்னிக்கு ஆறு மணிக்கு ராமக்கா அண்ணி கூப்புட்டாங்க. வந்துட்டேன்னு பதிலு வந்துச்சு. அவரு கொரலு இல்லீங்க. உங்க கொரலு. அவரு உங்ககிட்டப் போயிட்டாரு, அவருக்குப் பதிலா உங்க கொரலு இங்க வந்துருச்சு."

அன்று ஆறு மணிக்கு நான் எட்டு மைல் தள்ளி, பங்களா காவல்காரர் நஞ்சப்பனோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் உள்ளதாங்க இருக்குது. நீங்களே வந்து போகச் சொல்லுங்க, டாக்டரு."

வீட்டுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

என் செருமல்.

பேய்க்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தவன் நான். அந்த வாசலை மட்டும் இன்றுவரை தாண்டவில்லை.