அக்கா பிள்ளைக்குப் பால்

தையல்காரர்கள் அவளைக் காஜாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்த சட்டைகள் மூட்டையாக வீட்டுக்கு வரும். காஜா எடுத்து, பொத்தான் வைத்துத் திருப்பி அனுப்புவாள். அவளுடைய மகள் பால்குடி மறக்கும் சமயத்தில் அக்காவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. சில நாட்களிலேயே அக்காவுக்குப் புத்தி பேதலித்தது. மடியில் கிடந்த குழந்தையைப் பார்த்து, "இது யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பசியில் கத்திய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கணவர் காஜாக்காரியின் வாசலில் வந்து நின்றார். அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

அப்படித் தொடங்கியது ஒன்றரை வயது வரை வந்துவிட்டது. பிள்ளைக்குக் குண்டு என்று பெயர் விழுந்தது. வீட்டில் சமைத்தது எல்லாம் சாப்பிடுவான். ஆனால் தூங்கவும் அழுகை ஓயவும் சித்தியின் பால்தான் வேண்டும்.

அக்கா ஒருவழியாகத் தேறி வந்ததும், புருஷனும் அவளும் தங்கை வீட்டு மாடி அறையில் தங்கினார்கள். சித்தி கூப்பிடுவதைக் கேட்டுக் குண்டுவும் பெற்றவளை 'அக்கா' என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், கொஞ்சம் பிந்தி.

ஒரு மதியம் அக்கா காஜா மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பால நிறுத்திடேன்டி. நீ கொடுக்கிற வரைக்கும் அவன் என்கிட்ட ஒட்ட மாட்டான்."

"சரிக்கா."

"கோவமா சொல்றியா?"

"இல்லக்கா. உன் பிள்ள."

காஜாக்காரி கிளினிக் நர்ஸிடம் போய்க் கேட்டாள். "இந்த வயசுல கொடுத்தாலும் நல்லதுதான், நிறுத்தினாலும் தப்பில்ல. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்றாள் நர்ஸ். யாராவது ஒருத்தர் 'இதைச் செய்' என்று அடித்துச் சொல்ல மாட்டார்களா என்றிருந்தது.

பகலில் கொடுப்பதை நிறுத்தினாள். மாடியில் குண்டு தொண்டை கட்டும்வரை அழுவான். கீழே அவளுக்கு மார்பு கல்லாகக் கனக்கும். பால் கசிந்து அடுத்தவர் சட்டையில் படாமல் இருக்கத் துண்டைச் செருகிக்கொள்வாள். மிஷின் ஓடினால் அழுகை கேட்காது. ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

சில நாட்களில் அக்காவே அவனைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "என்னால முடியலடி. கொடுத்துத் தொல."

கொடுத்தாள். அவன் விக்கி விக்கிக் குடித்தான். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள், "நான் ஆத்தாமைல சொன்னா, நீ உடனே கொடுத்துடுவியா?" என்று சண்டைக்கு வந்தாள். கொடுத்தாலும் குற்றம், கொடுக்காவிட்டாலும் குற்றம்.

அக்காவின் கணவர் வேறு தெருவில் வீடு பார்த்தார். "தப்பா நெனச்சுக்காதம்மா" என்றார். "நினைக்கல மாமா" என்றாள். குண்டு போனபின் பால் மெல்ல வற்றியது.

ஒரு மாலை அக்காவிடமிருந்து போன். "காய்ச்சல்டி. தண்ணிகூடக் குடிக்க மாட்டேங்கறான். வந்து ஒரு வாய் கொடேன்."

போட்டது போட்டபடி ஓடினாள். குண்டு பழக்கம் மாறாமல் வாய் வைத்தான். உறிஞ்சிப் பார்த்தான். ஒன்றும் வரவில்லை. அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அழுதான். பிறகு அக்காவின் பக்கம் கையை நீட்டினான். அக்கா டம்ளரைக் காட்ட, இரண்டு மடக்குக் குடித்து, அவள் தோளிலேயே தூங்கிப்போனான்.

"சாப்ட்டுட்டுப் போடி."

"வேல கெடக்குக்கா."

பாதி வழியில், காய்ச்சலுக்கு என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்காமல் வந்தது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போகலாமா என்று தெருவோரம் கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் வீட்டுப் பக்கம் நடந்தாள்.